பருவம் மாறிய புல்தரை: செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் திடலின் பராமரிப்பு வரலாறு

கோல்ஃப் என்றதும் கோடை வெயிலும் பச்சைப் புல்தரையும் நினைவுக்கு வருவது அவ்விளையாட்டின் நெடிய வரலாற்றில் மிகப் பிற்பட்ட வழக்கமாகும். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அது பல தலைமுறைக் காலம் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் தொடங்கி இளவேனிலோடு ஓயும் குளிர்கால ஆட்டமாகவே இருந்தது. கோடையில் பந்து மறையும் அளவுக்குப் புல் வளர்ந்துவிடும், பரந்த வெளி முழுவதிலும் அதை வெட்டித் தாழ்த்துவதற்கு அக்காலத்தில் ஏற்ற கருவியும் இல்லை. ஆட்டத்தின் பருவம் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு நகர்ந்தபோதுதான் புல்தரைப் பராமரிப்பு தனித் தொழிலாக உருப்பெற்றது என்பதும், அத்தொழிலின் இன்றைய ஆண்டுச் சுழற்சி அந்த நகர்வின் விளைவே என்பதும் இத்திடலின் வரலாற்றிலிருந்து தெளிவாகின்றன.

கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே மணல்மேடுகளாக விரிந்து கிடக்கும் கரையோர நிலத்தை ஸ்காட்லாந்தில் ‘லிங்க்ஸ்’ என்பர். உழவுக்கு உதவாத இம்மணல் நிலத்தில் நீர் தங்குவதில்லை, உரச்சத்தும் குறைவு. ஆகவே மெல்லிய இலைகளையுடைய ஃபெஸ்கியூ, பென்ட் ஆகிய புல்வகைகளே அங்கே செழித்தன. ஆடுகளும் முயல்களும் அவற்றை ஓயாமல் மேய்ந்து தரையை ஓரளவு தாழ்வாக வைத்திருந்தன. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் ஜான் ஹாமில்டன் 1552இல் வழங்கிய சாசனம், இந்நிலத்தில் முயல் வளர்க்கும் ஏற்பாட்டையும் நகர மக்கள் கோல்ஃப் ஆடும் உரிமையையும் ஒருசேர ஏற்றுக்கொண்டது. கடனில் மூழ்கிய நகர மன்றம் 1797இல் நிலத்தைக் கைவிட்டதும், அது முயல் வணிகர்கள் வசமாகி வளைகள் பெருகி ஆட்டமே சீர்குலைந்தது. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் நிலத்தை வாங்கிய பிறகே ஆட்டக்காரருக்கும் முயல் வணிகருக்கும் இடையிலான நெடுங்காலப் பூசல் தணிந்தது. அளவோடு மேய்ந்தவரை தரையைக் காத்த முயல், அளவு மீறியபோது அதன் பகையாயிற்று.

அடுத்த நெருக்கடி மனிதரின் காலடியிலிருந்து வந்தது. 1744இல் லீத் நகரில் எழுதப்பட்ட முதல் விதிகளின்படி, ஆட்டக்காரர் தாம் முடித்த குழியிலிருந்து ஒரு மட்டையின் நீளத்துக்குள்ளேயே அடுத்த அடிக்கான பந்தை வைக்க வேண்டும். பந்தை உயர்த்தி வைக்கத் தேவையான சிறு மணற்குவியலுக்கு ஆளுக்கு ஒரு பிடியாகக் குழிக்குள்ளிருந்தே மணலை அள்ளியதால், குழி ஆழமாகி அதன் விளிம்பு சிதைந்துகொண்டே போயிற்று. இறகு அடைத்த விலையுயர்ந்த தோல்பந்தின் இடத்தை, 1848 அளவில் மலாய்ப் பகுதி மரங்களின் பாலில் செய்த மலிவான கட்டாபெர்ச்சா பந்து பிடித்தது. 1852இல் நகருக்கு இரயில் வந்தது. ஆடுவோர் தொகை பெருகப் பெருக, குழியைச் சூழ்ந்த மென்புல் பரப்பாகிய ‘கிரீன்’ தேய்ந்து கட்டாந்தரையாகும் நிலை ஏற்பட்டது.

இந்தச் சூழலில்தான் 1864இல் டாம் மோரிஸ் திடற்காவலராக அழைக்கப்பட்டார். 1821இல் அந்நகரிலேயே பிறந்து, 1851 முதல் மேற்குக் கரையின் பிரெஸ்ட்விக் திடலைப் பேணிவந்த அவருக்கு ஆண்டு ஊதியம் 50 பவுண்டு. கருவிகள் ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வெட்டி, ஒரு மண்வாரி. கடின வேலைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓர் உதவியாள். கிரீன்களின்மேல் மெல்லிய மணற்படலத்தைத் திரும்பத் திரும்பத் தூவுவது அவருடைய முதன்மை முறையாக இருந்தது. தூவிய மணல் மேடுபள்ளங்களை நிரவுவதோடு, மட்கிய வேரும் தண்டும் சேர்ந்து தரைக்கடியில் பஞ்சுபோல் திரளும் படலத்தை இளக்கி நீரை வடியச் செய்கிறது. ஆடத் தொடங்கும் இடத்தைக் கிரீனிலிருந்து பிரித்தமைத்ததும், ஞாயிறுதோறும் திடலை மூடித் தரைக்கு ஓய்வு தருவதை உறுதியாகப் போற்றியதும் தேய்மானத்தைக் குறைத்தன. திடலை ஒரு வாரம் வலமாகவும் மறுவாரம் இடமாகவும் சுற்றி ஆடும் வழக்கமும் அதே பயனைத் தந்தது.

பருவத்தைப் புரட்டிப்போட்டதோ புல்வெட்டும் பொறியாகும். இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதியில் கம்பளித் துணியின் மேற்பிசிறை நறுக்கும் இயந்திரத்தைப் பார்த்து, எட்வின் பட்டிங் 1830இல் உருளைக் கத்தி கொண்ட புல்வெட்டியை உருவாக்கினார். அதுவரை பனி ஈரம் உலராத விடியலில் நீண்ட பிடியுள்ள அரிவாளால் அரியப்பட்ட புல்லை, இனி எந்நேரமும் சீராக வெட்ட முடிந்தது. பெரிய பொறிகளைக் குதிரைகள் இழுத்தன. குளம்பு தரையில் பதியாதிருக்க அவற்றுக்குத் தோற்காலணி மாட்டப்பட்டது. இப்பொறிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திடல்களில் பரவலாகி, 1902இல் ரான்சம்ஸ் நிறுவனத்தின் பெட்ரோல் புல்வெட்டியும் வந்தபின், கோடையே ஆட்டத்தின் உச்சப் பருவமாயிற்று. குளிர்காலம் பழுதுபார்க்கும் பருவமாக மாறியது.

தாழ வெட்டிய தரையில் மண்புழு புதிய இடையூறாகத் தோன்றியது. மண்ணைப் புரட்டி வளமாக்கும் அதன் அருந்தொண்டைச் சார்லஸ் டார்வின் 1881இல் ஒரு தனி நூலாகவே எழுதியிருந்தார். ஆயினும் ஈரமான இலையுதிர்காலத்தில் அது வெளித்தள்ளும் மண்ணுருண்டைகள் பந்தின் ஓட்டத்தைத் தடுத்து, காலடியில் நசுங்கிச் சேறாயின. இதற்கு மாற்றாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் திடல்கள் இந்தியாவிலிருந்து வரவழைத்த பொருள், இலுப்பை இன மரங்களின் விதையில் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கு. அதைப் பொடித்துத் தூவி நீர் பாய்ச்சினால், அதிலுள்ள சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் புழுக்களின் உடலை அரிக்க, அவை கூட்டமாக மேலே வரும். அவற்றைத் துடைப்பத்தால் கூட்டி வண்டியில் அள்ளிச் செல்வர்.  பின்னாளில் இப்புண்ணாக்கின் இடத்தைப் பிடித்த குளோர்டேன் போன்ற வேதிப்பொருள்கள், சூழலுக்கு விளைத்த தீங்கால் தடைசெய்யப்பட்டன.

இவ்வாறு திரண்ட அனுபவமே இன்றைய ஆண்டுச் சுழற்சிக்கு அடிப்படை. மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸைத் தாண்டும் இளவேனிலில் புல் விழித்தெழுகிறது. வெட்டும் உயரம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, சிறிதளவு உரமும் மணலும் இடப்படுகின்றன. கோடையில் புல்வெட்டலும் நீர்ப்பாய்ச்சலும் அளவோடு நடைபெறுகின்றன. புல்லுக்கு இன்னும் வளரும் வலு இருக்கும் கோடைக் கடைசியில், உள்ளீடற்ற குழல்முனைகளால் தரையைத் துளைத்து, இறுகிய மண்ணை உருவியெடுத்து மணலால் நிரப்புவர். குளிர் வந்தபின் துளைத்தால் காயம் ஆறாது. குளிர்காலத்தில் வெட்டும் உயரம் கூட்டப்படுகிறது. ‘பங்கர்’ எனப்படும் மணற்பள்ளங்களின் சரிந்த சுவர்கள், புல்தரைப் பத்தைகளைச் செங்கல்போல் அடுக்கி மீண்டும் எழுப்பப்படுகின்றன. உறைபனி படிந்த காலையில் ஆட்டம் நிறுத்தப்படுவதற்கும் காரணம் உண்டு: இலையின் உயிரணுக்களில் நீர் உறைந்திருக்கும்போது மிதித்தால் அவை உடைந்து, பனி உருகியபின் காலடித் தடங்கள் கருகித் தெரியும்.

1929இல் யார்க்‌ஷயரின் பிங்லியில் புல்தரை ஆய்வுக்கென ஒரு வாரியம் அமைந்ததும், கைப்பழக்கமாக இருந்த அறிவு சோதனைக்கு உட்பட்டது. ஆயினும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பதிற்றாண்டுகளில், பளிச்சிடும் பச்சையை விரும்பிப் பல திடல்கள் உரத்தையும் நீரையும் மிகுதியாக அளித்தன. விளைவாக ஃபெஸ்கியூ பின்வாங்க, வேர் ஆழமற்றதும் நோய்க்கு எளிதில் இரையாவதுமான ‘போவா அன்னுவா’ என்னும் புல் பரவியது. வறண்ட மணலில் இயல்பாக வளர்ந்த புல்லை வளமே விரட்டிய இப்பட்டறிவால், கரையோரத் திடல்களின் பராமரிப்பாளர் மீண்டும் குறைந்த உரம், குறைந்த நீர், மிகுந்த மணல் என்னும் முறையை நாடினர். செயின்ட் ஆண்ட்ரூஸில் குளிர்காலத்தில் பந்தைச் சிறு விரிப்பின்மேல் வைத்து அடிக்கச் செய்ததும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இன்றும் தொடர்வதும் தரையின் தேய்மானத்தைக் குறைக்கும் நோக்கில் ஒரே வகையைச் சேர்ந்தவை. மேயும் விலங்கின் வேலையைப் பொறியால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. ஆனால் குளிர்கால ஆட்டத்தின் காலத்தில் கோடை தானாகவே தரைக்கு அளித்த ஓய்வை எந்தப் பொறியாலும் ஈடுசெய்ய முடியாததால், அதை விதியாக வகுத்துக் காப்பது பராமரிப்பாளரின் பொறுப்பாயிற்று.