தரையில் பதித்ததும் திரையில் பதிவதும்



இக்காலப் பிள்ளைகள் கணினியில் கற்பனை மாளிகைகளைக் கட்டுகின்றனர். மந்திரவாதியின் கோட்டை, பாதாள அறை, அரசனின் கொலுமண்டபம் எனக் கட்டட வரைபடங்களை வரைந்து, அவற்றின் தரைக்கு மொசைக் கற்களைப் போன்ற படத்துண்டுகளையும் தாமே ஆக்குகின்றனர். 'விளையாட்டில் பொழுது வீணாகிறதே' என்று பெற்றோர் வருந்துவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், அச்சிறு தரைத்துண்டுக்குப் பின்னே நெடியதொரு வரலாறு உண்டு. அதில் தமிழருக்கும் ஓர் இடம் உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறியாமலே போவதுதான் என் கவலை.

நம் ஜொகூரிலிருந்தே தொடங்குவோம். ஜொகூர் பாருவில் உள்ள அருள்மிகு இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலைப் பலரும் கண்டிருப்பீர்கள். 1922ஆம் ஆண்டில் எளியதொரு குடிசையாகத் தோன்றிய கோவில் அது. பாங்காக் நகரில் கண்ட கண்ணாடி வேலைப்பாட்டின் தூண்டுதலால் 2008ஆம் ஆண்டில் கண்ணாடி பதிக்கும் பணி தொடங்கி, மறு ஆண்டில் நிறைவெய்தியது. 2010ஆம் ஆண்டில் நாட்டின் முதல் கண்ணாடிக் கோவிலாக மலேசியச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, ஊதா, வெள்ளை எனச் சுமார் 300,000 கண்ணாடித் துண்டுகள் அங்கே பதிக்கப்பட்டுள்ளன.

அவற்றுள் ஒரு துண்டைத் தனியே எடுத்துப் பார்த்தால் அது வெறும் நிறம். பல்லாயிரம் துண்டுகள் முறையாகச் சேர்ந்தால்தான் பூவும் கொடியும் தோன்றும். மொசைக் கலையின் உயிர்நாடி இதுவே. பொம்பெய் நகர இடிபாடுகளில் 1831ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட அலெக்சாந்தரின் போர்க்காட்சி ஒரு மாளிகையின் தரையில் இருந்தது. அதில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கற்கள் உள்ளன என்பர். இன்று ஒரு மாணவன் 1024க்கு 1024 அளவில் ஒரு தரைப்படம் வரைந்தால், அதில் 1,048,576 படப்புள்ளிகள் இருக்கும். கல்லின் இடத்தைப் புள்ளி பிடித்துக்கொண்டது, கணக்கு மாறவில்லை.

ஆனால் கற்பனை மாளிகையின் தரை முழுவதையும் ஒரே படமாக வரைவது கணினிக்குப் பெருஞ்சுமை. எனவே ஒரு சதுரத்தை மட்டும் வரைந்து, அதையே மீண்டும் மீண்டும் அடுக்குவர். 256, 512, 1024 எனச் சதுரத்தின் பக்கத்தை இரண்டின் அடுக்குகளாகவே வைப்பது வழக்கம். தொலைவில் தெரியும் தரைக்காகப் படத்தைப் பாதி பாதியாகச் சிறிதாக்கும்போது மீதி வராது என்பது அதன் வசதி. இடையில் கோடு தெரியாமல் இருக்க, வலப்பக்க விளிம்பு இடப்பக்கத்தோடும் மேல் விளிம்பு கீழ்ப்பக்கத்தோடும் பொருந்தவேண்டும். இதற்குப் படத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் பாதியளவு நகர்த்துவர். விளிம்பில் இருந்த ஒட்டுக்கோடு நடுவே வந்துவிடும். அங்கே அதைத் திருத்தினால் போதும்.

இந்தச் சிக்கலைக் கையால் தீர்த்தவர்கள் செட்டிநாட்டு ஆத்தங்குடித் தொழிலாளர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வாணிபமும் வட்டித்தொழிலும் செய்த நகரத்தார் பெரும் மாளிகைகளை எழுப்பினர். நம் மலாயாவில் ஈட்டிய செல்வத்தின் ஒரு பங்கு அந்த வீடுகளில் அடங்கியுள்ளது. சிமெண்டுத் தரைக்கல் ஐரோப்பாவில் பிறந்த தொழில்நுட்பம். ஆத்தங்குடியில் அது கைவினையாயிற்று. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவர். அச்சை நீக்கி, மணலும் சிமெண்டும் இட்டு இறுகச் செய்வர். பின்னர் நீரில் ஊறவைத்து உலர்த்துவர். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் பளபளப்பாகிறது. மூலையில் கால்பங்குப் பூ உள்ள கற்கள் நான்கைச் சேர்த்தால் ஒரு முழுப்பூ மலரும். விளிம்பு சிறிது பிசகினாலும் பூ உடைந்துவிடும்.

இனிச் சொல்லப்போவது நம் பள்ளிகளில் அதிகம் பேசப்படாத செய்தி. சென்னைத் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தைக் கணினியியல் நோக்கில் ஆராய்ந்தனர். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் விதிகள் வகுக்கலாம் என்று காட்டும் அவர்களின் ஆய்வுக்கட்டுரை 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிறியதொரு கோலத்திலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கோலங்களை விதிகளின்படி வளர்த்துச் செல்லலாம் என்பதே அதன் சாரம். வீட்டு வாசலில் நம் பாட்டிமார் கைப்பழக்கத்தால் செய்துவந்ததை அவர்கள் கணித மொழியில் எழுதிக் காட்டினர்.

மற்றொரு திசையிலும் இவ்வறிவு வளர்ந்தது. ஹாவ் வாங் என்னும் அறிஞர் 1961ஆம் ஆண்டில், பக்கங்களில் நிறம் தீட்டிய சதுரங்களை ஒத்த நிறம் ஒத்த நிறத்தோடு சேருமாறு அடுக்குவது பற்றி ஒரு கணக்கை எழுப்பினார். அக்கருத்தைக் கொண்டே, ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும் சலிப்பு நீங்கும்படி தரையையும் புல்வெளியையும் திரையில் நிரப்பும் முறையை ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இவ்வரலாற்றைச் சொல்லும்போது நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். 'எல்லாம் நம் முன்னோர் கண்டதே' என்று மார்தட்டுவது எளிது, அது உண்மையன்று. பாங்காக்கும் ஐரோப்பாவும் காரைக்குடிச் சீமையும் தாம்பரமும் கைகோத்து வந்த வரலாறு இது. அதே வேளையில், கோலத்தைத் தீபாவளிக்குப் பேரங்காடியில் வண்ண அரிசியால் இடும் அலங்காரமாக மட்டும் காட்டி நிறுத்திவிட்டால், அதனுள் இருக்கும் சிந்தனையைப் பிள்ளைகளிடமிருந்து நாமே மறைத்தவர்களாவோம். கணக்கு வேறு, பண்பாடு வேறு, கணினி வேறு என்று பிரித்தே பழகிய பிள்ளை, தாய்மொழிப் பள்ளியில் தனக்கு எதிர்காலம் இல்லை என்று எண்ணத் தலைப்படும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. கட்டத்தாளில் 16க்கு 16 கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தில் கால்பங்குப் பூ ஒன்றை மாணவர்களை வரையச் சொல்லுங்கள். நான்கு படிகள் எடுத்துத் திருப்பித் திருப்பிச் சேர்க்கட்டும். பூ வருவதையும், ஒரு துண்டைத் தவறாகத் திருப்பினால் அது உடைவதையும் அவர்களே காண்பர். அதன்பின் கணினிக்குச் செல்லலாம். சமச்சீர், சுழற்சி, பின்னம் ஆகிய மூன்று பாடங்கள் அங்கே தாமாகவே வந்து சேரும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அடுத்த முறை கற்பனைக் கோட்டைக்குத் தரை போடும்போது, அருகில் அமர்ந்து, 'இந்த விளிம்பு அந்த விளிம்போடு எப்படிச் சேர்கிறது?' என்று கேளுங்கள். வீட்டில் கோலம் போடத் தெரிந்த பாட்டி இருந்தால் அவரையும் அழைத்து அமர்த்துங்கள். அவர் சொல்லித்தரும் புள்ளிக்கணக்கு எந்தப் பாடநூலிலும் இல்லாததாகவும் இருக்கலாம்.