எல்லைக்கு வெளியே நிற்பவர்கள்: அமெரிக்காவில் தனி நகரம் கேட்ட மனுக்களும் வழக்குகளும்



‘ஊர் கூடி முடிவெடுத்தது’ என்று நம் கிராமங்களில் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் சேரி இருந்ததில்லை. ஊர் என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைச் சேரியில் பிறந்த குழந்தைக்குத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமக் குடியரசுகளைப் போற்றியவர்களை அண்ணல் அம்பேத்கர் கடுமையாக மறுத்துப் பேசியது இந்த அனுபவத்தில் நின்றுதான்.

அதே அம்பேத்கர் தலைமையேற்ற இயக்கம்தான் 1942 ஜூலையில் நாக்பூரில் கூடி, பட்டியல் சாதி மக்களுக்குச் சாதி இந்துக்களின் கிராமங்களைச் சாராத தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1947இல் அவர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையிலும் தனிக் குடியிருப்புகள் என்ற கோரிக்கை இருக்கிறது. ஆகவே ‘தனி ஊர்’ என்பது நம்முடைய கோரிக்கையும்தான். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால், ஆதிக்கத்தில் இருப்பவர்களே ‘எங்களுக்குத் தனி ஊர் வேண்டும்’ என்று மனுப் போட்டால் அதை என்னவென்று சொல்வது? இரண்டு கோரிக்கைகளும் ஒரே மொழியில்தான் பேசுகின்றன. தன்னாட்சி, உள்ளூர் உரிமை, எங்கள் வரிப்பணம், எங்கள் பிள்ளைகள். இவற்றை எதை வைத்துப் பிரித்தறிவது? அமெரிக்காவில் இந்தக் கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து மூன்று ஊர்களின் வரலாற்றை இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

முதலில் சட்டத்தின் நடைமுறையைப் பார்த்துவிடுவோம். அங்கே ஏராளமான மக்கள் எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளில் வாழ்கிறார்கள். அவர்களைக் கவுண்டி என்னும் மாவட்ட அளவிலான நிர்வாகம் ஆள்கிறது. லூசியானா மாநிலத்தில் அதன் பெயர் பாரிஷ். இப்படிப்பட்ட பகுதியில் வாழ்பவர்கள் ஒரு வரைபடம் வரைந்து, கையெழுத்துத் திரட்டி, ‘எங்களைத் தனி நகராட்சியாக ஆக்குங்கள்’ என்று மனுக் கொடுக்கலாம். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் கவுண்டி மன்றம் முடிவெடுக்கும். பல இடங்களில் வாக்கெடுப்பு நடக்கும். அந்த வரைபடத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே அதில் வாக்கு உண்டு. கோட்டுக்கு வெளியே விடப்படுகிறவர்களுக்கு வாக்கு இல்லை.

நகராட்சி ஆகிவிட்டால் கிடைப்பது பெயர்ப்பலகை மட்டுமல்ல. வரி விதிக்கலாம், காவல்துறை வைத்துக்கொள்ளலாம். எந்த நிலத்தில் என்ன கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று விதி போடும் அதிகாரமும் கைக்கு வரும். இந்தக் கடைசி அதிகாரம் எதற்கெல்லாம் பயன்படும் என்பதை முதல் கதை சொல்கிறது.

மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வடக்கே பிளாக் ஜாக் என்றொரு பகுதி. பெயரில் கறுப்பு இருந்தாலும் 1970இல் அங்கே வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். பக்கத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஏறத்தாழ 41 சதவீதம் பேர் கறுப்பின மக்கள். நகரத்தின் நெருக்கடியிலிருந்து வெளியேற விரும்பும் நடுத்தர, குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக, தேவாலயங்கள் சார்ந்த ஓர் அமைப்பு 108 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்றை பிளாக் ஜாக்கில் கட்டத் திட்டமிட்டது. கவுண்டியின் விதிப்படி அந்த நிலத்தில் அப்படிக் கட்டத் தடையில்லை. ஒன்றிய அரசின் வீட்டுவசதித் துறையும் திட்டத்தை முதற்கட்டமாக ஏற்றிருந்தது.

செய்தி பரவியதும் அப்பகுதிவாசிகள் தனி நகராட்சி கேட்டு மனுக் கொடுத்தார்கள். 1970 ஆகஸ்டில் பிளாக் ஜாக் நகராட்சி ஆனது. அக்டோபரில், பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் கட்டடங்களை இனிக் கட்டக்கூடாது என்று விதி போட்டது. நகரம் பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த விதியில் நிறம் பற்றியோ இனம் பற்றியோ ஒரு சொல்லும் கிடையாது.

1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தை இந்த விதி மீறுகிறது என்று ஒன்றிய அரசு வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றத்தில் நகராட்சி வென்றது. மேல்முறையீட்டில் 1974 டிசம்பரில் எட்டாவது சுற்று நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்ததென்று நிரூபித்தாக வேண்டியதில்லை, ஒரு விதியின் விளைவு பாகுபாடாக இருந்தாலே போதும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ‘சாதியைச் சொல்லி ஒதுக்கினார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே?’ என்ற கேள்வியை ஒவ்வொரு வழக்கிலும் கேட்டுக் களைத்த நமக்கு இதன் அருமை புரியும். ஆனால் வழக்கு நடந்த ஆண்டுகளில் கட்டுமானச் செலவு ஏறிப்போனது. திட்டமிட்ட அந்த வீடுகள் திட்டமிட்டபடி எழவில்லை. விதி செத்தது, ஊர் நிலைத்தது, வீடு கேட்டவர்கள் கைக்கு வந்தது தீர்ப்பின் நகல். (இன்று பிளாக் ஜாக்கில் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள் என்பது வரலாற்றின் இன்னொரு திருப்பம்.)

அதே 1974இன் ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெட்ராய்ட் பள்ளிகள் பற்றிய மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில் வேறொரு தீர்ப்பு தந்திருந்தது. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்க, சுற்றியுள்ள புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துத் திட்டம் போட முடியாது. அந்தப் புறநகர்கள் பிரிவினைக்குக் காரணமாக இருந்தன என்று நிரூபித்தால்தான் முடியும் என்று 5க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. இதன் நடைமுறைப் பொருள் எளிது. எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் சமத்துவம் துரத்திக்கொண்டு வராது. கோடு வரையும் அதிகாரத்துக்கு அன்றிலிருந்து மதிப்புக் கூடியது.

இரண்டாவது கதை எதிர்த்திசையில் நடந்தது. கலிபோர்னியாவில், பணக்காரப் பல்கலைக்கழக நகரமான பாலோ ஆல்ட்டோவுக்குக் கிழக்கே, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், ஈஸ்ட் பாலோ ஆல்ட்டோ இருக்கிறது. 1950களில் கறுப்பினக் குடும்பங்கள் வந்து குடியேறத் தொடங்கியதும் வீட்டுத் தரகர்கள் வெள்ளையரிடம் பீதியைக் கிளப்பி வீடுகளை மலிவாக விற்கவைத்தார்கள். நெடுஞ்சாலையை விரித்தபோது ஊரின் கடைகள் பல இடிபட்டன. வரி தரக்கூடிய நிலங்கள் சிலவற்றை அண்டை நகரங்கள் தங்களோடு இணைத்துக்கொண்டன. 1976இல் அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியும் மூடப்பட்டது. காவல் முதல் கட்டட அனுமதி வரை எல்லாம் தொலைவிலிருந்த கவுண்டியின் கையில்.

இங்கேயும் மக்கள் தனி நகராட்சி கேட்டார்கள். ஒருமுறை தோற்று, 1983 ஜூனில் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. தனி நகராட்சி என்ற தரப்பு 15 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. உடனே வழக்கு. வாக்குச்சாவடிக்கு வராமல் வீட்டிலிருந்தே அளித்த வாக்குகளில் முறைகேடு என்றார்கள் எதிர்த்தவர்கள். மாநில உச்ச நீதிமன்றம் 1986இல் வில்க்ஸ் எதிர் மௌட்டன் வழக்கில் தேர்தல் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்த வழக்கின் பெயரைக் கவனியுங்கள். மௌட்டன் என்பது புதிய நகரத்தின் முதல் மேயரான பார்பரா மௌட்டன். வில்க்ஸ் என்பது கெர்ட்ரூட் வில்க்ஸ். கறுப்பினப் பிள்ளைகளின் கல்விக்காக அதே ஊரில் உழைத்த கறுப்பினப் பெண் தலைவர். வாடகைக் கட்டுப்பாடு வந்துவிடும் என்று அஞ்சிய வீட்டு உரிமையாளர்கள் எதிர்ப்பில் இருந்தது வியப்பில்லை. வருமானம் இல்லாத ஊர் எப்படித் தன் காலில் நிற்கும் என்ற கவலையும் எதிர்த்தவர்களிடம் இருந்தது. அந்தக் கவலையைத் துரோகம் என்று தள்ளிவிட முடியாது. புதிய நகரமன்றம் முதலில் செய்தவற்றில் வாடகைக் கட்டுப்பாடும் ஒன்று. ஏழைக் குடிவாரிகளுக்கு அது பெரிய காப்பு. ஆனால் கஜானா காலியாகவே இருந்தது. 1992இல் மக்கள்தொகை விகிதப்படி அமெரிக்காவிலேயே மிக அதிகக் கொலைகள் நடந்த ஊர் என்ற பெயர் அதற்கு வந்தது. அதிகாரம் கிடைத்தது, அதைப் பயன்படுத்த வேண்டிய பொருளை மற்றவர்கள் முன்பே எடுத்துப் போயிருந்தார்கள்.

மூன்றாவது கதை நம் காலத்தது. லூசியானாவின் தலைநகரம் பேட்டன் ரூஜ். அங்கே பள்ளிகளில் இனப் பிரிவினைக்கு எதிரான வழக்கு 1956இல் தொடங்கி, 2003இல்தான் சமரசத்துக்கு வந்தது. 47 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் வெள்ளைக் குடும்பங்கள் பெருமளவில் தனியார் பள்ளிகளுக்கும் பாரிஷின் ஓரங்களுக்கும் நகர்ந்தன. சில பகுதிகள் தனிப் பள்ளி மாவட்டங்களாகப் பிரிந்தன. சென்ட்ரல் என்ற பகுதி 2005இல் தனி நகரமாகி, பிறகு தனிப் பள்ளி மாவட்டமும் பெற்றது. வழி எது என்பதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பாரிஷின் தென்கிழக்குப் பகுதிவாசிகள் முதலில் தனிப் பள்ளி மாவட்டம்தான் கேட்டார்கள். 2012, 2013 ஆண்டுகளில் மாநில சட்டமன்றத்தில் அது நிறைவேறவில்லை. பிறகு செயின்ட் ஜார்ஜ் என்ற பெயரில் தனி நகரம் கேட்டு மனு எழுதினார்கள். லூசியானா சட்டப்படி அப்பகுதி வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் கையெழுத்திட வேண்டும். 2015இல் 71 கையெழுத்துகள் குறைந்து மனு தோற்றது. அடுத்த முறை வரைபடத்தையே மாற்றினார்கள். ஆதரவு குறைந்த பகுதிகள் வெட்டப்பட்டன. சுமார் 1,07,000 பேர் கொண்டிருந்த வரைபடம் 86,000 பேருக்குச் சுருங்கியது. கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த வாடகைக் குடியிருப்புகளும் வெளியே விடப்பட்டவற்றில் இருந்தன. பேட்டன் ரூஜ் நகரத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். புதிய வரைபடத்துக்குள் பெரும்பான்மையோர் வெள்ளையர். இதற்கும் இனத்துக்கும் தொடர்பில்லை, நல்ல பள்ளியும் நல்ல நிர்வாகமுமே நோக்கம் என்றார்கள் அமைப்பாளர்கள்.

2019 அக்டோபர் 12 அன்று நடந்த வாக்கெடுப்பில் 54 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். மேயர் ஷாரன் வெஸ்டன் புரூமும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2022இல் விசாரணை நீதிமன்றம் புதிய நகரம் நியாயமற்றது என்றது. அதன் வரவு செலவுக்குப் போதாது. பேட்டன் ரூஜ் ஆண்டுக்குச் சுமார் 4.8 கோடி டாலரை இழக்கும் என்று கணக்கிட்டது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நகரச் சேவைகளை எப்படி வழங்குவோம் என்ற திட்டத்தை மனு சரியாகச் சொல்லவில்லை என்ற காரணத்தால் மறுத்தது. 2024 ஏப்ரல் 26 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் இரண்டையும் புரட்டிப்போட்டு, செயின்ட் ஜார்ஜ் நகரம் உண்டு என்றது. 2025இல் அதற்குத் தனிப் பள்ளி மாவட்டம் அமைக்கும் மசோதாக்களும் சட்டமன்றத்தில் நிறைவேறின. முதலில் கேட்டது பள்ளி. அதற்கு வழியாக வந்தது நகரம்.

ஐந்து ஆண்டு வழக்கில் நீதிமன்றங்கள் எவற்றை எடைபோட்டன என்று பாருங்கள். சேவைத் திட்டம் முழுமையா, வரவு செலவு ஒத்துவருமா, பக்கத்து நகரத்துக்கு எத்தனை டாலர் இழப்பு. இந்தக் கோடு ஏன் இந்த வளைவில் வளைகிறது, அதற்கு வெளியே நிற்பவர் யார் என்ற கேள்விக்குச் சட்டத்தின் தராசில் தட்டு இல்லை. 1960இல் இப்படியொரு கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேட்டிருக்கிறது. அலபாமாவின் டஸ்கீகி நகரம் சதுரமாக இருந்தது. கறுப்பின வாக்காளர்களை வெளியே தள்ளுவதற்காக மாநில அரசு அதன் எல்லையை 28 பக்கங்கள் கொண்ட வடிவமாக வெட்டியது. உள்ளே இருந்த சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர் தவிர எல்லோரும் வெளியே. வெள்ளையர் ஒருவர்கூட வெளியேறவில்லை. கோமில்லியன் எதிர் லைட்ஃபுட் வழக்கில் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அங்கே கோடு வெளிப்படையாக முறைத்தது. இன்றைய கோடுகள் நாசூக்காகச் சிரிக்கின்றன.

தோழர்களே, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். அம்பேத்கர் கேட்ட தனிக் கிராமத்துக்கும் செயின்ட் ஜார்ஜுக்கும் என்ன வேறுபாடு? மூன்று கேள்விகளில் அது தெரிந்துவிடும். பிரிந்து போகிறவர் எதை எடுத்துப் போகிறார்? வெளியே விடப்பட்டவருக்கு எது மிஞ்சுகிறது? புதிய ஊரின் வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது?

அம்பேத்கரின் கோரிக்கை, பிறர் நிலத்தில் கூலிக்கும் பிறர் தயவில் தண்ணீருக்கும் நிற்கும் மக்கள் அந்தச் சார்பிலிருந்து விடுபடுவதற்கானது. யாருடைய பள்ளியையும் வரியையும் அது எடுத்துப் போகவில்லை. அதனால்தான் 1947 அறிக்கை தனிக் குடியிருப்போடு நிலத்தையும் சேர்த்துக் கேட்டது. நிலமும் வருமானமும் இல்லாத தன்னாட்சி என்ன பாடுபடும் என்பதற்கு ஈஸ்ட் பாலோ ஆல்ட்டோ சாட்சி. பிளாக் ஜாக்கும் செயின்ட் ஜார்ஜும் வேறு வகை. பொதுவில் சேர்ந்ததை எடுத்துக்கொண்டு, பொறுப்பை விட்டுவிட்டுப் போவது அது.

நம் ஊர்களிலும் ஊராட்சியைப் பிரிப்பது, பேரூராட்சியோடு சேர்ப்பது, வார்டு எல்லையை மாற்றுவது என்று அறிவிப்புகள் வருகின்றன. ‘உள்ளூர் மக்களின் விருப்பம்’ என்ற சொற்றொடர் அவற்றின் முதல் வரியிலேயே இருக்கும். மாணவத் தோழர்கள் அந்த வரியைப் படித்து முடித்ததும் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். சேரி எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, சந்தை எந்தப் பக்கம், ஏரி எந்தப் பக்கம், பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று குறியுங்கள். ஆட்சேபணை தெரிவிக்கும் கெடு முடியும் முன் அதை எழுத்தில் கொடுங்கள். கோடு காய்ந்த பிறகு நீதிமன்றம் போனால் எத்தனை ஆண்டு ஆகும் என்பதை பேட்டன் ரூஜ் மக்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜெய் பீம்.