கணினித் திரைப் பொருத்தம்

கணினித் திரைப் பொருத்தம் என்பது, பழைய கணினியில் உள்ள கிராஃபிக்ஸ் கார்டு அனுப்பவல்ல சமிக்ஞையும், புதிதாக வாங்கப்படும் மானிட்டர் ஏற்கவல்ல சமிக்ஞையும் பரஸ்பரம் இசையுமாறு, இணைப்பு முனை, கேபிள், பிக்சல்களின் எண்ணிக்கை, விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்னும் வேகம் ஆகியவற்றை ஆராய்ந்து தேர்ந்துகொள்ளும் முறையாகும். புதிய திரையில் படம் வராவிட்டாலும், வந்த படம் மங்கலாக நின்றாலும், கார்டுக்குச் சக்தி போதவில்லை என்று முடிவுகட்டிக் கணினியையே மாற்ற முற்படுவது சாமானிய வழக்கம். எழுத்து வேலை, கணக்கு, இணையம் முதலிய அன்றாடக் காரியங்களைப் பொறுத்தவரை, தடையாக நிற்பது பெரும்பாலும் கார்டின் சக்தியன்று. அதன் இணைப்பு முனையும், அம்முனை ஒரு விநாடியில் கடத்தக்கூடிய சமிக்ஞையின் அளவுமேயாகும்.

இணைப்பு முனைகளின் வரலாறு

ஐபிஎம் நிறுவனம் 1987-இல் தன் பிஎஸ்/2 வரிசைக் கணினிகளோடு கொண்டுவந்த விஜிஏ, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களின் அளவையும் ஏறியிறங்கும் மின்னழுத்தமாக அனுப்பும் அனலாக் முறையைச் சார்ந்தது. தட்டைத் திரைகள் பரவிய காலத்தில், கார்டினுள் எண்களாக இருந்த படத்தை மின்னழுத்தமாக்கி, திரையினுள் அதனை மீண்டும் எண்களாக்குவது வீண் சிரமமாயிற்று. ஆகவே டிஜிட்டல் முறையிலான டிவிஐ 1999-இலும், படத்தோடு ஒலியையும் ஏந்திச் செல்லும் எச்டிஎம்ஐ 2002-இன் இறுதியிலும், வெசா அமைப்பு வகுத்த டிஸ்பிளேபோர்ட் 2006-இலும் தோன்றின. இன்டெல், ஏஎம்டி முதலிய நிறுவனங்கள் 2010 டிசம்பரில் விஜிஏ முறையைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்தன. 2016-இல் வெளிவந்த என்விடியாவின் பாஸ்கல் வரிசைக் கார்டுகள் டிவிஐ முனை வழியாகவும் அனலாக் சமிக்ஞை தருவதில்லை.

டிவிஐ முனையின் இயல்பை அதன் துளைகளே காட்டிவிடும். தட்டையான நீள்துளையைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருக்குமாயின் அனலாக் சமிக்ஞையும் அதில் உண்டு. அவை இல்லையேல் அது டிஜிட்டல் மட்டுமே. மூன்று வரிசைகளிலும் வரிசைக்கு எட்டாகத் துளைகள் நிறைந்திருப்பது இரட்டை இணைப்பு வகை. கேபிளின் ஊசிகள் நடுவில் இடைவெளி விட்டு இருபுறமும் பிரிந்து நிற்பின், அக்கேபிள் ஒற்றை இணைப்பு வகையைச் சேர்ந்தது.

சமிக்ஞையின் கணக்கு

1920 × 1080 பிக்சல் திரைக்கு அனுப்பப்படும் சமிக்ஞையில், வரிகளுக்கிடையிலும் படங்களுக்கிடையிலும் விடப்படும் வெற்றுக்காலத்தையும் சேர்க்க, ஒரு படத்துக்கு 2200 × 1125 பிக்சல் ஆகிறது. அதனை விநாடிக்கு 60 முறை அனுப்ப 148.5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ஒற்றை இணைப்பு டிவிஐயின் எல்லை 165 மெகாஹெர்ட்ஸ் ஆதலால், டிவிஐ முனையுள்ள பழைய கார்டும் பெரும்பாலும் இவ்வகைத் திரையை இயக்கிவிடும். 2560 × 1440 திரைக்கோ, வெற்றுக்காலத்தைச் சுருக்கிய பின்னரும் 241.5 மெகாஹெர்ட்ஸ் தேவைப்படுகிறது. இதற்கு இரட்டை இணைப்பு டிவிஐ, டிஸ்பிளேபோர்ட், 340 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும் எச்டிஎம்ஐ 1.4 ஆகியவற்றுள் ஒன்று வேண்டும்.

4கே எனப்படும் 3840 × 2160 திரைக்கு, 60 முறை புதுப்பிக்க 594 மெகாஹெர்ட்ஸும், 30 முறை புதுப்பிக்க 297 மெகாஹெர்ட்ஸும் ஆகின்றன. எச்டிஎம்ஐ 1.4 கொண்ட கார்டு, நிறத் தகவலைக் குறைக்காமல், 4கே படத்தை விநாடிக்கு 30 முறைக்கு மேல் அனுப்ப இயலாமைக்கு இதுவே காரணம்; மவுஸின் குறிமுள் தத்தித் தத்திச் செல்வது இதன் பிரத்தியட்ச அடையாளம். இக்குறையை நீக்கிய எச்டிஎம்ஐ 2.0, 2013-இல் வகுக்கப்பட்டு, என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970, 980 கார்டுகளில் 2014-இலும், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 கார்டில் 2016-இலும் இடம்பெற்றது. 2010-இல் வகுக்கப்பட்ட டிஸ்பிளேபோர்ட் 1.2 பதிப்போ 4கே படத்தை 60 முறை அனுப்பப் போதுமானது. ஆதலின் ஒரே கார்டில் இரு முனைகளும் இருந்தால் டிஸ்பிளேபோர்ட்டையே முதலில் நாட வேண்டும்.

திரை தரும் குறிப்பு

ஒவ்வொரு மானிட்டரும் தனக்கேற்ற பிக்சல் அளவுகளையும் வேகங்களையும் ஈடிஐடி என்னும், குறைந்தது 128 பைட் கொண்ட குறிப்பில் எழுதி வைத்திருந்து, கேபிளின் வழியே கார்டுக்கு அறிவிக்கிறது. விஜிஏ கேபிளில் இக்குறிப்பைச் சுமப்பவை 12-ஆம், 15-ஆம் ஊசிகள். அவை ஒடிந்திருந்தாலோ, மலிவான கேபிளில் இல்லாதிருந்தாலோ, கணினி திரையை அடையாளம் காணாமல் தாழ்ந்த அளவொன்றைத் தந்து நின்றுவிடும். குற்றம் திரையுடையதுமன்று, கார்டுடையதுமன்று. கேபிளை மாற்றிய மாத்திரத்தில் அது தீரும்.

மாற்றிகள்

எச்டிஎம்ஐயும் டிவிஐயும் ஒரே வகை டிஜிட்டல் சமிக்ஞையைப் பயன்படுத்துவதால், இவ்விரண்டையும் இணைக்கச் சாதாரண மாற்றியே போதும். ஆயின் அது ஒற்றை இணைப்பின் அளவையே கடத்தும். அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கோ, டிஜிட்டலிலிருந்து அனலாக்குக்கோ செல்ல, உள்ளே மின்சுற்று அமைந்த மாற்றி அவசியம். இத்தகைய மாற்றிகள் பொதுவாக ஒரு திசையில் மட்டுமே இயங்குவன. டிஸ்பிளேபோர்ட் கார்டை எச்டிஎம்ஐ திரையோடு சேர்க்கும் மாற்றியைத் திருப்பி மாட்டி, எச்டிஎம்ஐ கார்டை டிஸ்பிளேபோர்ட் திரையோடு சேர்க்க இயலாது.

தொடக்கத்தில் இருளும் திரை

மேக்ஸ்வெல், பாஸ்கல் வரிசை என்விடியா கார்டுகள் சிலவற்றில், டிஸ்பிளேபோர்ட் 1.3 அல்லது 1.4 திரையைப் பூட்டியவுடன், இயங்குதளம் ஏறும்வரை திரை இருண்டே இருப்பதும், கணினி தொடக்கத்திலேயே நின்றுவிடுவதும் காணப்பட்டன. இதற்கென ஃபர்ம்வேர் திருத்தமொன்றை அந்நிறுவனம் இலவசமாக வெளியிட்டது. திரை இருண்ட நிலையில், முதலில் எச்டிஎம்ஐ அல்லது டிவிஐ வழியே இணைத்து அத்திருத்தத்தைச் செய்து, பின்னர் டிஸ்பிளேபோர்ட்டுக்கு மாற வேண்டும். தனிக் கார்டு உள்ள கணினியில், மதர்போர்டின் முனையில் கேபிளைச் செருகிவிட்டு வெறுந்திரையைக் காண்பதும் அடிக்கடி நேர்வது. கேபிள் கார்டின் முனையிலேயே செருகப்பட வேண்டும்.

நினைவகமும் ஆற்றலும்

பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஒரு 4கே படத்தை வைத்திருக்க ஏறத்தாழ 3 கோடியே 32 லட்சம் பைட் போதும். 512 எம்பி நினைவகம் கொண்ட பழைய கார்டுக்கும் இது சுமையன்று. முப்பரிமாண விளையாட்டுகளில் நிலைமை வேறு. 4கே திரையின் பிக்சல்கள் 1920 × 1080 திரையைப்போல் நான்கு மடங்காதலின், ஒவ்வொன்றின் நிறத்தையும் கணிக்க வேண்டிய கார்டு திணறும். அப்போது விளையாட்டை மட்டும் 1920 × 1080 அளவில் நடத்தலாம். 4கே திரையில் ஒரு பிக்சல் சரியாக நான்காக விரிய இடமுண்டு. 2560 × 1440 திரையிலோ முழு எண்ணில் விரியாமையால் எழுத்துகள் சற்று மங்கும்.

தேர்ந்தெடுக்கும் முறை

திரை வாங்குவோர், கணினியின் பின்புறத்து முனைகளை நேரில் பார்த்து, கார்டின் மாடல் பெயரைக்கொண்டு அம்முனைகளின் பதிப்பையும் உச்ச அளவையும் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் அறிந்து, அதே முனை உள்ள திரையையே விரும்பித் தேர்ந்துகொள்ள வேண்டும். மாற்றி என்பது வேறு வழியில்லாதபோது கொள்ளத்தக்க உபாயமே. இவ்வளவும் பார்த்த பின்னரே கார்டை மாற்றுவதைப் பற்றி எண்ணுவது முறை. கார்டையே மாற்ற நேர்ந்தாலும், அதன்பொருட்டு நன்றாக உழைக்கும் கணினியைக் கழித்துவிட அவசியமில்லை.