பெயர்ந்து வந்தவர்க்கு ஈடு: திருமழிசைத் தொழில்வட்டாரத்தில் அயல்நாட்டு மேலாளரும் அயல்மாநிலத் தொழிலாளியும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டியதும் தொடங்கும் தொழில்வட்டாரத்தில் ஒரு குறை நெடுநாளாகப் பேசப்படுகிறது: வெளிநாட்டிலிருந்து வந்த மேலாளருக்கு ஒரு நியாயம், உள்ளூர்க்காரருக்கு ஒரு நியாயம். 1996இல் நிறுவப்பட்ட ஹூண்டாய் இந்தியா 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் கொரிய, ஜப்பானிய, தைவானிய நிறுவனங்கள் திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் எங்கும் பரவின. அவற்றோடு அயல்நாட்டு மேலாளர்களும் பொறியாளர்களும் வந்தார்கள். வீட்டு வாடகை, ஓட்டுநருடன் கார், பிள்ளைகளின் பன்னாட்டுப் பள்ளிக் கட்டணம், ஆண்டுதோறும் ஊர் போய்வர விமானச் செலவு ஆகியவற்றை நிறுவனமே ஏற்பது இத்தகைய பணியமர்த்தலில் வழக்கம். பக்கத்து மேசையில் அதே வரைபடத்தைப் பார்க்கும் தமிழ்நாட்டுப் பொறியாளருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

இந்த வட்டாரத்தின் வாசலில் இருக்கிறது திருமழிசை. அதன் சிட்கோ தொழிற்பேட்டையில் உள்ள சிறு பட்டறைகளுக்கு பீகார், ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களும் வீட்டை விட்டு, மொழியை விட்டு வந்தவர்களே. உள்ளூர்க்காரரை நடுவில் வைத்துப் பார்த்தால், பெயர்ந்து வந்தவர்கள் அவருக்கு மேலும் இருக்கிறார்கள், கீழும் இருக்கிறார்கள். இதுவரையிலான விவாதம் மேல்படியை மட்டுமே பார்த்தது. இடம்பெயர்வால் நேரும் செலவுக்கு ஈடு தருவது நியாயமானது; அதே செலவைச் சுமக்கும் இருவரில் வலியவருக்குத் தந்து எளியவருக்கு மறுப்பதே இந்த வட்டாரத்தின் உண்மையான சமமின்மை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

1. ஊதியமும் ஈடும்

அயல்நாட்டு ஊழியர் பெறும் தொகையில் இரண்டு கூறுகள் கலந்திருக்கின்றன. ஒன்று, செய்யும் வேலைக்கான ஊதியம். மற்றொன்று, ஊர்விட்டு வந்ததால் ஏற்படும் செலவுக்கான ஈடு. இவற்றைப் பிரித்துப் பார்க்காதவரை, எந்த வேறுபாடு நியாயம், எது அநியாயம் என்று சொல்ல முடியாது.

இந்தப் பிரிப்புக்கு இந்தியாவில் நூறாண்டு வரலாறு உண்டு. காலனி அரசின் உயர் பணிகளை ஆராய்ந்து 1924இல் அறிக்கை தந்த லீ குழு, ஐரோப்பிய அதிகாரிகளுக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் ‘கடல்கடந்த பணிக்கான ஊதியம்’ என்ற தனித்தொகையை உயர்த்தப் பரிந்துரைத்தது; தாய்நாடு போய்வரக் கப்பல் பயணச் செலவையும் சேர்த்தது. ஆளும் இனத்துக்கான சலுகையாக அது இயங்கியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் வடிவம் கவனிக்கத்தக்கது. வேலைக்கான சம்பளம் தனியாகவும், தொலைவுக்கான ஈடு தனியாகவும் எழுதப்பட்டிருந்ததால்தான், இந்தியர்கள் எதை எதிர்க்கிறோம் என்று குறிப்பிட்டு எதிர்க்க முடிந்தது.

விடுதலைக்குப் பின்னும் அரசு இந்தக் கொள்கையைக் கைவிடவில்லை. மத்திய அரசு ஊழியர் வேற்றூருக்கு மாற்றப்பட்டால், ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிந்தைய விதிப்படி, அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை மாற்றல் மானியமாகப் பெறுகிறார். பயணச் செலவும் சாமான் ஏற்றிச் செல்லும் செலவும் தனி. அவரோடு பணியாற்றும் உள்ளூர் ஊழியர் இதைப் பாகுபாடு என்று சொல்வதில்லை. காரணம் வெளிப்படை: தொகைக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு விதி இருக்கிறது, நாளை தாம் மாற்றப்பட்டால் தமக்கும் அது கிடைக்கும்.

2. மேல்படி: எதற்கு எதிர்ப்பு?

அயல்நாட்டவரின் உயர்ந்த ஊதியத்துக்கு நிறுவனங்கள் மட்டும் காரணமல்ல. வேலைவாய்ப்பு விசாவுக்கு ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையாத சம்பளம் வேண்டும் என்று இந்திய அரசே வரம்பு வைத்திருக்கிறது. அயல்நாட்டுச் சமையல் வல்லுநர், மொழியாசிரியர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. இந்தியர்கள் செய்யக்கூடிய சாதாரண வேலைகளுக்கு வெளிநாட்டவர் வரக்கூடாது என்பது இதன் நோக்கம். ஆக, உள்ளூர்க்காரரின் வேலையைக் காக்கப் போட்ட விதியே ஊதிய இடைவெளிக்கும் ஓர் அடித்தளம் ஆகிறது.

மறுபுறம், அயல்நாட்டவருக்கும் பாகுபாட்டுக் குறை உண்டு. 2008 அக்டோபர் முதல் வருங்கால வைப்புநிதியில் ‘பன்னாட்டுத் தொழிலாளர்’ என்ற தனி வகை உண்டாக்கப்பட்டது. இந்திய ஊழியருக்கு ஊதிய வரம்பு ஒன்று இருக்க, இவர்களுக்கு வரம்பின்றி முழுச் சம்பளத்தின் மீதும் பங்களிப்பு கட்டாயமாயிற்று. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பு தரும் சமத்துவம் குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல, இந்த மண்ணில் இருக்கும் எந்த மனிதருக்கும் உரியது. அதன் அடிப்படையில் கர்நாடக உயர்நீதிமன்றம் 2024 ஏப்ரலில் இந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. தில்லி உயர்நீதிமன்றம் 2025இல் அதைச் செல்லும் என்றது. சமமற்று நடத்தப்படுவதாகக் குறைகூறும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

உள்ளூர் ஊழியர் எப்போது இந்த இடைவெளியை அநியாயமாக உணர்கிறார்? சீனாவின் கூட்டு நிறுவனங்களில் பணியாற்றிய உள்ளூர் ஊழியர்களை ஆராய்ந்து சாவ் சென் முதலியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. மற்ற கூட்டு நிறுவனங்களின் உள்ளூர் ஊழியரைவிட நல்ல சம்பளம் பெற்றவர்களுக்கும், ஏற்கத்தக்க காரணம் விளக்கப்பட்டவர்களுக்கும், அயல்நாட்டுச் சகஊழியர் மதிப்போடு பழகியவர்களுக்கும் அநியாய உணர்வு குறைவாக இருந்தது. மனிதர் தம்மை முதலில் ஒப்பிடுவது தம்மைப் போன்றவரோடுதான்.

நம் வட்டாரமும் இதையே காட்டுகிறது. சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் 15 வரை நீடித்தது. தொழிலாளர்கள் முன்வைத்தவை சங்க அங்கீகாரம், ஊதிய உயர்வு, பணிநேரம். வட்டாரச் சராசரியைவிடத் தாம் கூடுதலாகவே தருவதாக நிர்வாகம் சொன்னது. கொரிய மேலாளரின் சம்பளத்தை இரு தரப்புமே அளவுகோலாக எடுக்கவில்லை. போராட்டத்தை நீட்டித்தது, தங்கள் சங்கத்தைச் சமமான தரப்பாக ஏற்று உட்கார்ந்து பேச மறுக்கப்பட்டது என்ற மனக்குறை. அந்தச் சங்கம் பதிவு பெற 2025 ஜனவரி வரை ஆயிற்று.

ஆகவே மேல்படியில் எதிர்க்க வேண்டியவை எவை என்பது தெளிவாகிறது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் விமானச் செலவும் தொலைவின் விலை, அவற்றை எதிர்ப்பதற்கில்லை. தொலைவோடு தொடர்பில்லாத வேறுபாடுகள் வேறு வகை. முடிவெடுக்கும் கூட்டத்தில் உள்ளூர் மேலாளருக்கு இடமில்லாமை, தலைமைப் பதவிகள் என்றைக்கும் ஒரே நாட்டவர்க்கு ஒதுங்கியிருத்தல், கேன்டீனிலும் கழிப்பறையிலும் தரவேறுபாடு ஆகியவற்றுக்குக் கடல்கடந்து வந்தது காரணமாகாது.

3. கீழ்படி: சட்டத்தில் இருந்த படி

ஒடிசாவின் ‘தாதன்’ தொழிலாளர் உள்ளிட்டோர் மேஸ்திரிகளின் பிடியில் பட்ட பாடு, 1979இன் மாநிலம்விட்டு மாநிலம் பெயரும் தொழிலாளர் சட்டத்துக்கு வழிவகுத்தது. ஒரே வகை வேலை செய்யும் மற்றவருக்குத் தரும் ஊதியத்துக்குக் குறையாமல் தரவேண்டும் என்றது அச்சட்டம். அதோடு நிற்கவில்லை. ஆள் சேர்க்கும்போதே இடப்பெயர்வுப் படி, மாத ஊதியத்தில் பாதி அல்லது 75 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. ஊரிலிருந்து வரவும் திரும்பவும் பயணப்படி. பயண நாட்களுக்கும் ஊதியம். தகுந்த தங்குமிடம், இலவச மருத்துவ வசதி.

இந்தப் பட்டியலை முன்பு சொன்ன மேலாளரின் சலுகைகளோடு சேர்த்துப் படித்தால் இரண்டும் ஒரே கொள்கையின் இரு உருவங்கள் என்பது விளங்கும். வீடு, பயணம், மருத்துவம், பெயர்வுக்கான தொகை. 1979இலேயே நாடாளுமன்றம் ஏழைத் தொழிலாளிக்கும் இதை எழுதிக் கொடுத்திருக்கிறது.

நடைமுறை வேறு. ஒப்பந்தத் தொழிலாளி கையில் வாங்கும் வழக்கமான சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். பேசிக், டி.ஏ., சில இடங்களில் ஓ.டி. மணிநேரம், பிடித்தம் பக்கத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன். இடப்பெயர்வுப் படி என்ற வரி அதில் காணக் கிடைப்பது அரிது. ரயில் டிக்கெட் அவர் கைக்காசு. பெரும்பாலும் சேர்த்துவிட்டவரிடம் வாங்கிய முன்பணம். தங்குவது தகரக்கூரை வரிசை வீட்டின் ஓர் அறை. ஷிப்ட் மாற்றி ஷிப்டாகப் படுக்கும் பலருக்கும் அதே பாய்தான். வாடகை தலைக்கு இவ்வளவு என்று. அயல்நாட்டு மேலாளருக்கு நிறுவனத்தின் கணக்கில் போகும் செலவு, இவருக்குக் கூலியிலிருந்து போகிறது.

சட்டத்தின் ஓட்டைகள் இதற்கு இடம் கொடுத்தன. அது ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்களுக்கே பொருந்தியது. உறவினர் சொல்லித் தானே ரயிலேறி வந்தவர் கணக்கில் வரவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இந்தக் குறையைப் போக்கி, தானாக வந்தவரையும் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அதே கையால் இடப்பெயர்வுப் படியை நீக்கிவிட்டது. பயணப்படி மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆட்களின் வட்டம் விரிந்தபோது உரிமையின் அளவு சுருங்கிற்று.

சமூகப் பாதுகாப்பிலும் இதே கதை. கொரியாவோடு 2011 முதலும் ஜப்பானோடு 2016 முதலும் நடைமுறையில் உள்ள ஒப்பந்தங்களால், அந்நாட்டு ஊழியர் இரு நாட்டிலும் பங்களிப்புச் செலுத்தும் சுமை நீங்கியது. அரசுகள் பேசி முடித்த காரியம் இது. நம் நாட்டுக்குள்ளேயே பெயரும் தொழிலாளியின் ரேஷன் அட்டை தமிழ்நாட்டில் செல்லுபடியாக 2020 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

4. ஜமீன் கொரட்டூர் தரும் பாடம்

பெயர்ந்து வந்தவர் என்றால் மாநில எல்லை தாண்டியவர் மட்டுமல்ல. திருமழிசைக்கு அருகே ஜமீன் கொரட்டூரில் இருந்த விடுதியில் தங்கி, ஆப்பிளுக்கு ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையில் பணியாற்றிய பெண்களில் 150 பேருக்கு மேல் 2021 டிசம்பரில் உணவு நஞ்சானதால் பாதிக்கப்பட்டனர். அவர்களின் தோழிகள் நெடுஞ்சாலையில் அமர்ந்தபோதுதான் விடுதியின் நிலைமை உலகத்துக்குத் தெரிந்தது. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்று திறந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

அந்தப் பெண்களில் பலர் தமிழ்நாட்டின் வேறு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களும் உள்ளூர்க்காரர்தான்; ஆனால் அம்மா வீட்டுச் சோற்றை விட்டு வந்தவர்கள். 1979 சட்டம் அவர்களைத் தொடவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு திறந்தது, பெயர்வின் செலவு தனிப்பட்ட தொழிலாளியின் சுமை மட்டுமல்ல என்பதற்கான முதல் பெரிய ஒப்புதல். திருமழிசை போன்ற சிறுதொழிற்பேட்டைகளின் தொழிலாளர்க்கும் அந்த ஒப்புதல் நீள வேண்டும்.

5. எதிர்வாதங்கள்

வெளியிலிருந்து வந்தவருக்குப் படி கொடுத்தால் உள்ளூர்த் தொழிலாளி கொதிக்கமாட்டாரா என்று கேட்கலாம். இன்றைய நிலையில் உள்ளூர்த் தொழிலாளியின் அச்சம், வந்தவர் மலிவாகக் கிடைக்கிறார் என்பதே. பெயர்வின் செலவை முதலாளி ஏற்றால் அந்த மலிவு குறையும். ஊதியத்தை அடித்துப் பேசும் கருவியாக வந்தவரைப் பயன்படுத்த முடியாது. வேலைகளில் உள்ளூர்க்காரருக்கு 75 சதவீதம் ஒதுக்குவதைவிட இது உறுதியான காப்பு. ஹரியானாவின் அத்தகைய சட்டத்தை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்ததை நினைவில் கொள்ள வேண்டும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பரவிய போலிக் காணொளிகள் எவ்வளவு எளிதில் நம்பப்பட்டன என்பதும், அடியில் தங்கிக் கிடக்கும் அச்சம் இரு பக்கத்துக்கும் எவ்வளவு ஆபத்தானது என்பதும் நாம் கண்டவை.

சிறு பட்டறைகள் இந்தச் செலவைத் தாங்குமா என்பது இரண்டாவது கேள்வி. தனித்தனியே தாங்குவது கடினம் என்பது உண்மை. எனவேதான் தொழிற்பேட்டை அளவில் பொது விடுதியும், அதற்குப் பெரிய நிறுவனங்களின் பங்களிப்பும் தேவை. உதிரிபாகத்தின் விலையைக் குறைத்துப் பேசும் பெரிய நிறுவனமே அந்தக் குறைந்த கூலியின் பயனையும் பெறுகிறது.

இது நடக்கக்கூடியதுதானா என்ற ஐயத்துக்கு, நம்மவர் பல லட்சம் பேர் உழைக்கும் வளைகுடாவே விடை. கடவுச்சீட்டைப் பார்த்துச் சம்பளம் நிர்ணயிக்கும் வழக்கத்துக்குப் பேர்போன அப்பகுதியில், கத்தார் 2021 மார்ச்சில் எந்த நாட்டவர்க்கும் பொதுவான 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முதலாளி உறைவிடமும் உணவும் தராவிட்டால், அவற்றுக்குத் தனியே 500, 300 ரியால் தரவேண்டும். அங்கே நம் பிள்ளைகளுக்குக் கேட்கும் நியாயத்தை, இங்கே ஒடிசாக்காரரின் பிள்ளைக்கு மறுக்க நமக்கு முகமில்லை.

6. முடிவு

தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருப்பதால் தமிழ்நாடு செய்யக்கூடியவை பல. மாநிலத் திருத்தத்தின் மூலம் இடப்பெயர்வுப் படியை மீட்டு, மாநிலத்துக்குள் பெயரும் தொழிலாளர்க்கும் விரிக்கலாம். சம்பளச் சீட்டில் வேலைக்கான ஊதியமும் பெயர்வுக்கான ஈடும் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும் என்று, மேலாளர் முதல் ஒப்பந்தத் தொழிலாளி வரை அனைவருக்கும் விதிக்கலாம். நிலமும் சலுகையும் பெறும் நிறுவனங்களோடு போடும் ஒப்பந்தங்களில், அயல்நாட்டவர் வகிக்கும் பதவிகளுக்குக் கால வரம்பையும் உள்ளூர் வாரிசுக்கான பயிற்சியையும் நிபந்தனையாக்கலாம்.

வந்தவரை வெறுப்பதால் உள்ளூர்க்காரரின் நிலை உயராது. பெயர்ந்து வந்தவர் எவராயினும் அந்தச் செலவை வேலை வாங்குபவர் ஏற்பது, வேலைக்கான ஊதியம் எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் அமைவது, மரியாதையில் எந்தப் பிரிவினையும் இல்லாமல் இருப்பது: இம்மூன்றும் சேர்ந்தால்தான் சமநீதி. மேலாளருக்கு நாம் ஏற்றுக்கொண்ட கொள்கையைத் தொழிலாளிக்கும் கேட்பதே அதன் முதற்படி.