தலைக்கு ஊற்ற நல்ல தண்ணீர்

தலை நாற்றத்தை மனிதர்கள் எப்படிப் போக்கினார்கள் என்ற கதையை நம் பத்திரிகைகள் ஒரே வரிசையில்தான் சொல்லிவருகின்றன. முதலில் சீயக்காய், பிறகு சோப்பு, அப்புறம் ஷாம்பு. பாட்டி வைத்தியப் பிரியர்கள் அதையே தலைகீழாக்கி, சீயக்காயை விட்டதால்தான் கெட்டோம் என்பார்கள். எதில் சண்டை போட்டாலும் இரு தரப்புக்கும் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு கிடையாது: தலையின் வாடையைத் தீர்மானிப்பது தலையில் தேய்க்கும் பொருள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் வைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. மீஞ்சூருக்கு வடக்கே காட்டூரிலிருந்து பழவேற்காடு வரையிலும், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டுக் குப்பங்கள் வரையிலும், தலையை நாற வைத்தவையும் நாறாமல் காத்தவையும் இரண்டு: அலசக் கிடைத்த தண்ணீர், தலையில் ஏறிய சுமை. தேய்க்கும் பொருளுக்கு மூன்றாவது இடம்தான்.

கடற்கரையில் தலை அலசுவதைப் பற்றிய நம் பழைய குறிப்புகளில் மிக விரிவானது சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் இருக்கிறது. பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நல்ல நீரில் மாதவியின் கூந்தலை அலசி, அகில் புகையில் உலர்த்தினார்கள் என்கிறார் இளங்கோ. உரைகாரர் முதல் இன்றைய அழகுக் குறிப்பு எழுதுகிறவர் வரை எல்லோர் கண்ணும் அந்த நாற்பத்தேழு சரக்குகளிலேயே நின்றுவிடுகிறது. துவர் எண்ணெய்ப் பிசுக்கை இறுக்கிப் பிடித்து வெளியேற்றும், விரை மணம் தரும், புகை ஈரத்தை வாங்கும், எல்லாம் சரி. ஆனால் துறைமுகப் பட்டினம் ஒன்றில் அத்தனை சரக்கையும் ஊறவைக்க அண்டா அண்டாவாக நல்ல நீரும் அதைச் சுமந்து வர ஆளும் இருந்தது என்பதுதான் அந்தக் காட்சியின் பணக்காரத்தனம். அதே நெய்தல் கரையின் இன்னொரு பெண்ணை நற்றிணையின் 45ஆம் பாட்டில் பார்க்கலாம். மீனை அரிந்து காயப்போட்டுப் பறவை ஓட்டுகிற பரதவர் மகள் அவள். எங்கள் மேல் புலால் வாடை வீசும், தள்ளி நில் என்று தேரில் வந்த பணக்காரப் பிள்ளையிடம் அவள் தோழி முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். அந்தத் தோழிக்கு வெட்கம் இல்லை. வாடை எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும்: வேலையிலிருந்து. மகாபாரதம் வேறு மாதிரி. மச்சகந்தி யமுனையின் நன்னீர்க் கரையில் ஓடம் விட்டவள். ஆனாலும் மீன் வயிற்றில் பிறந்ததால் அவளுக்கு வாடை, அதைப் போக்கப் பராசரரின் வரம். மீனவப் பெண்ணின் வாடையைப் பிறப்பில் ஏற்றிச் சொல்லும் வழக்கத்துக்கு அந்தக் கதை நல்ல முன்னோடி.

உண்மையில் தலை எப்படி நாறுகிறது? புது வியர்வைக்குப் பெரிய வாடை கிடையாது. உச்சந்தலைத் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையைத் தின்று வாழும் ஒரு பூஞ்சை, மலசீசியா, எல்லார் தலையிலும் உண்டு. அது அந்தப் பசையைக் கொழுப்பு அமிலங்களாக உடைக்கிறது. நாம் சிக்கு வாடை என்பதில் பெரும்பங்கு அதன் வேலை. ஈரம் இருந்தால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் கொண்டாட்டம். உப்புத்தண்ணீரின் கேடு இங்கேதான் தொடங்குகிறது. கடல்நீரில் சமையல் உப்பு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்புநீரில் அலசிய கூந்தல் வெயிலில் காய்ந்ததுபோல் தோன்றும், சாயங்காலம் கடல் காற்று திரும்பியதும் மறுபடி பிசுபிசுக்கும். அந்தத் தலையை அள்ளிக் கொண்டை போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் இரவு முழுக்கப் போகாது. கடலில் தினம் முங்குகிறவர்களுக்கு எப்படித் தலை நாறும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: முங்குவதால்தான்.

பழவேற்காட்டு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காலங்கியும் வெள்ளம் கொண்டுவரும் மாதங்களில் அதன் நீர் உப்புக் குறைந்து கிடக்கும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் கடலைவிடவும் உப்பு ஏறும். இப்படிப்பட்ட ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் உள்ள மணல் திட்டில் ஊர்கள் இருக்க முடிந்ததற்கே காரணம், மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதுதான். அதை எடுக்க ஆழக் கிணறு வெட்டினால் கெட்டது கதை, உப்பு மேலேறும். மணலில் கை ஆழத்துக்கு ஊற்றுப் பறித்து, பக்கத்தில் குந்தி, கசிந்து சேர்வதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் கலங்கும், அதிகம் இறைத்தால் உவர்க்கும். இப்படிச் சேர்ந்த குடத்தில் முதல் பங்கு குடிக்க, அடுத்தது உலைக்கு. தலைக்கு வருவது கடைசியில். உப்புநீரில் தேய்த்துக் குளித்துவிட்டுக் கடைசிச் செம்பு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்வது, இப்படித் தண்ணீர் இல்லாத ஊர்களில் பெண்கள் கண்ட சிக்கனம். ரசாயனப்படியும் அதுவே சரி, ஏனென்றால் முடியில் தங்குவது கடைசியாக ஊற்றிய தண்ணீரின் உப்புதான்.

சுமையின் கதை இன்னும் நேரடியானது. பிடித்த மீனை வெளியூருக்குக் கொண்டுபோய் விற்றவர்கள் பெண்கள். மூங்கில் கூடை அல்லது பனையோலைக் கூடை, அதன் அடியில் பழந்துணியைச் சுருட்டி வளையமாக வைத்த சும்மாடு. கூடை பின்னலாக இருப்பது மீனுக்கு நல்லது. காற்றுப் புகும், நீர் வடியும். அந்த நீர் வடிவது சும்மாட்டின் மேல். சும்மாடு நனைந்ததும் அது தலையில் இறங்கும், நெற்றியோரமாக வழியும், வகிட்டில் தங்கும். கடல் மீன் உடம்பில் இயல்பாக உள்ள ஒரு பொருளைப் பாக்டீரியா உடைக்கும்போது வரும் டிரைமெத்திலமைன் என்ற வாயுதான் கவுச்சி வாடை. முடியும் சும்மாட்டுத் துணியும் அதை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் பல கல் தூரம் நடந்து விற்றுவிட்டுத் திரும்புகிற பெண், எந்தச் சரக்கைப் போட்டு அலசினாலும் மறுநாள் விடியலில் அதே சும்மாட்டை அதே தலையில் வைத்தாக வேண்டும். ஒழுகாத அலுமினிய அன்னக்கூடை புழக்கத்துக்கு வந்தது கூந்தலுக்குச் செய்த உபகாரத்தை எந்த வாசனைத் தூளும் செய்யவில்லை என்று துணிந்து சொல்வேன். இறால் ஏற்றுமதி வியாபாரம் பெருகி, ஐஸ் பெட்டியும் வண்டியும் கரைக்கே வந்தபோது தலைச்சுமையே குறைந்தது. அதே தண்ணீர், அதே கடல், தலையின் வாடை மட்டும் குறைந்தது. ஆண்களின் தலையைப் பற்றி மட்டும் யாரும் மூக்கைச் சுளித்துப் பேசியதாகத் தெரியவில்லையே என்றால், அதுவும் என் வாதத்துக்கே துணை. குடுமி போய்க் கிராப்பு வந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் அவர்களுக்குப் போதுமானதாயிற்று. கூடையும் அவர்கள் தலையில் ஏறி ஊருக்குள் போகவில்லை.

அப்படியானால் சீயக்காய்க்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு, அதன் காரணமும் கடற்கரையில்தான் நன்றாக விளங்கும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள நுரைப்பொருள் சபோனின். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த நீரில் அது திரிந்து படிவதில்லை. சீயக்காய்ச் சாறு லேசான புளிப்பும் உள்ளது. கவுச்சி வாயு காரத்தன்மை கொண்டது, புளிப்புப் பட்டால் ஆவியாகாத உப்பாக மாறி அடங்கும். மீன் ஆய்ந்த கையைப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்ப்பதன் நியாயமும் அதுவே. சீயக்காய்த் தூளை வடிகஞ்சியில் குழைப்பதும் வெறும் பழக்கம் இல்லை: கஞ்சியின் பசை எண்ணெயை வாங்கிக்கொள்ளும், தூளும் முடியில் ஒட்டி நிற்கும். ஆனால் நெய்தல் நிலத்தில் சீயக்காய் விளையாது. கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பொறுக்கி, சந்தை சந்தையாகக் கை மாறிக் கரைக்கு வர வேண்டும். வந்தாலும், எண்ணெய் தேய்த்த நீளக் கூந்தலிலிருந்து அந்தத் திப்பியைக் கழுவி எடுக்க எத்தனை செம்பு வேண்டும் என்பது தேய்த்தவர்களுக்குத் தெரியும். செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு, புதன், சனி ஆண்களுக்கு என்று வகுத்த எண்ணெய் முழுக்கு, ஆறும் குளமும் பக்கத்தில் இருந்தவர்களின் கால அட்டவணை. ஊற்று நீரை மொண்டு வாழ்ந்தவளுக்கு அது தீபாவளிச் சங்கதி. அரைகுறையாக அலசிய நல்லெண்ணெய் இரண்டு நாளில் சிக்கு வாடை அடிக்கும், தேய்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

வாசனை வணிகம் இந்தக் கரைக்குப் புதிது இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சாம்பிராணி சுமத்திரா தீவின் மரப்பிசின். அத்தீவின் பாரூஸ் துறையில் 1088ஆம் ஆண்டில் தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் கல்வெட்டே நட்டார்கள். பழவேற்காட்டுத் துணி மலாக்காச் சந்தையில் பெயர் பெற்றிருந்தது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்திரியாக் கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரைக்குத் தலைமையிடமாக வைத்திருந்ததும் அந்தத் துணிக்காகத்தான். துணி போகும் கடல்வழியில் பிசின் வந்தது. கோயில், மசூதி, மாதா கோயில் மூன்றிலும் புகைந்தது. பிள்ளை பெற்றவளின் கூந்தலையும் உலர்த்தியது. புகை ஈரத்தை வாங்கும் என்ற அளவில் அதற்குப் பலன் உண்டு. மிச்சமெல்லாம் வாடையின் மேல் போட்ட போர்வை. இத்தனை தூரம் வாசனை வணிகம் நடந்த துறைமுகத்தின் பக்கத்துக் குப்பத்தில் கவுச்சி வாடை குறையவில்லை என்றால், குறை சரக்கில் இல்லை.

சோப்பு வந்தபோது கடற்கரைக்கு அது உதவியிருக்க வேண்டும், உபத்திரவமாகத்தான் வந்தது. சாதாரண சோப்பு, சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த நீரில் நுரைக்காது, வெள்ளைத் திரிதிரியாகப் படியும். முடியில் படிந்த அந்தத் திரி அழுக்கையும் எண்ணெயையும் இழுத்துப் பிடித்து நாறும். கப்பல்காரர்களுக்கென்றே தேங்காயெண்ணெயில் தனிச் சோப்புக் காய்ச்சினார்கள், அது ஒன்றுதான் கடல்நீரில் ஓரளவு நுரைக்கும் என்பதால். சோப்புப் போட்டும் தலை நாறுகிறதே என்று கரைப் பெண்களைப் பார்த்து மேட்டு ஊர்க்காரர்கள் முகம் சுளித்திருந்தால், அது ரசாயனம் தெரியாத சுளிப்பு.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஷாம்புப் பொட்டலம். கடலூர் சின்னி கிருஷ்ணன் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்கும் யோசனையைத் தொடங்கி வைத்தார். குடும்பத்தார் வெல்வெட் ஷாம்புவாக அதை வளர்த்தார்கள். மகன் ரங்கநாதன் 1983இல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தனியே வந்து, தந்தையின் பெயரை நினைவூட்டும் ‘சிக்’கைத் தொடங்கினார். பின்னர் ஐம்பது காசுக்கே அது கிடைத்தது. ஷாம்புவில் இருப்பது சோப்பு அல்ல, செயற்கைச் சலவைப்பொருள். உவர்நீரிலும் திரியாமல் நுரைக்கும். எனவே இங்கே பொருள்தானே வென்றது என்று கேட்டால், பாதி ஒப்புக்கொள்கிறேன். கடலூரும் கடற்கரை ஊர்தான். உப்புக்கிணற்றுத் தண்ணீரில் நுரைக்கிற ஒன்று அந்தக் கரையிலிருந்து புறப்பட்டது எனக்கு வியப்பாக இல்லை. ஆனால் சீயக்காய்க்குப் பல செம்பு வேண்டிய இடத்தில் ஷாம்பு சில செம்பில் அலசிப் போகிறது. அதன் வெற்றி தண்ணீரை மிச்சம் பிடித்த வெற்றி. அலசிய பின் முடியில் தங்கும் உப்பை அதனாலும் எடுக்க முடியாது, கடைசிச் செம்பு அப்போதும் நல்ல தண்ணீராகத்தான் இருக்க வேண்டும்.

அந்தச் செம்புதான் பழவேற்காட்டுப் பக்கத்தில் குறைந்துகொண்டே வந்தது. 1960களில் ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் நிலத்தடி நீரை ஆராய்ந்து, மீஞ்சூரிலும் பஞ்செட்டியிலும் தாமரைப்பாக்கத்திலும் குழாய்க் கிணற்று வயல்கள் அமைத்தார்கள். தண்ணீர் சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் போனது. இறைத்த வேகத்தில் கடல் நிலத்துக்கடியில் உள்ளே வந்தது: 1969 வாக்கில் மீஞ்சூர்ப் பகுதியில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்பு எல்லை, 1987 வாக்கில் சுமார் 9 கிலோமீட்டருக்கு நகர்ந்துவிட்டது. மணல் திட்டில் ஊற்றுப் பறித்த பெண்ணின் கவலை, ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்த காட்டூர்ப் பக்கத்துக் கிணறுகளையும் எட்டிப் பார்க்கத் தொடங்கியது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். நாள் ஒன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறன், சென்னைக்காக. வடசென்னையில் குழாயைத் திறந்து தலைக்கு ஊற்றிக்கொள்கிறவர்களுக்கு அதில் ஒரு பங்கு போகிறது, அதே கரையின் கடல்நீர்தான், உப்பு நீக்கியது. அந்தத் தண்ணீர் குப்பங்களின் பக்கமும் தாராளமாகத் திரும்பும் நாளில், கவுச்சிக்கு எந்தத் தூள் நல்லது என்ற கேள்விக்கே அங்கே ஆள் இருக்காது.