பாறை ஓவியங்களை எண்ணிம ஒளிப்படமாக்கல்

பாறை ஓவியங்களை எண்ணிம ஒளிப்படமாக்கல் என்பது, பாறைகளில் காணப்படும் தொன்மையான ஓவியங்களையும் கீறல் உருவங்களையும் எண்ணிம ஒளிப்படக்கருவியால் படம்பிடித்து, கணினி மென்பொருளின் துணையுடன் தெளிவுபடுத்திப் பதிவு செய்யும் முறையாகும். வீட்டுக் கணினியும் இலவசமாகக் கிடைக்கும் சில மென்பொருட்களும் இதற்குப் போதுமானவை. தமிழ்நாட்டில் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகள் இம்முறைக்கு ஏற்ற களங்களாகும்.

களங்கள்

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள கீழ்வாலையில் செங்காவி நிறத்தில் மனித உருவங்கள், விலங்குருவங்கள், குறியீடுகள் ஆகியவை பாறையில் தீட்டப்பட்டுள்ளன. செஞ்சிப் பகுதியில் உள்ள செத்தவரையிலும் ஓவியங்கள் உண்டு. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் அமைந்த பெருமுக்கல் மலைக்குகையில் இருப்பவை வேறு வகையைச் சேர்ந்தவை. அவை வண்ணம் தீட்டப்படாமல், கல்லிலேயே கீறப்பட்ட உருவங்களாகும்.

திறந்த வெளியில் உள்ள ஓவியங்கள் வெயிலாலும் மழையாலும் மங்கிவருகின்றன. இவற்றின் மீது பெயர் எழுதிவைப்போரால் ஏற்படும் சேதம் அதைவிட விரைவானது. கருங்கல் குவாரிகள் மிகுந்த மாவட்டம் இது என்பதையும் கருத வேண்டும். பாறை உடைந்தபின் எஞ்சுவது, யாரோ முன்பு எடுத்துவைத்த படம் மட்டுமே.

படக்கருவி எதைப் பதிகிறது

ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இல் உருவாக்கிய முதல் கையடக்க எண்ணிமப் படக்கருவி 0.01 மெகாபிக்சல் கொண்டது. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அது 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. இன்றைய கருவிகளில் மெகாபிக்சலுக்குக் குறைவில்லை. மங்கிய ஓவியத்தைப் பொறுத்தவரை அந்த எண்ணிக்கையை விடக் கோப்பின் வகையே முக்கியமானது.

ஜேபெக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிநிலைகளே உண்டு. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, மனிதக் கண் எளிதில் உணராத நுண்ணிய நிற வேறுபாடுகளை இவ்வகை நீக்கிவிடுகிறது. மங்கிய செங்காவியைப் பாறையிலிருந்து பிரித்துக் காட்டுவதும் அதே நுண்ணிய நிற வேறுபாடுதான். 'ரா' எனப்படும் மூலக்கோப்பு உணரியின் அளவீடுகளை 12 அல்லது 14 பிட்டுகளில், அதாவது 4,096 அல்லது 16,384 படிநிலைகளில் வைத்திருக்கும். எனவே கருவியில் இவ்வசதி இருப்பின் அதையே தெரிவு செய்தல் நன்று. மூலக்கோப்பைத் திறக்க டார்க்டேபிள், ராதெரபி ஆகிய கட்டற்ற மென்பொருட்கள் உள்ளன. திறன்பேசிகள் படத்தைத் தாமாகவே கூர்மையாக்கி மெருகேற்றிவிடுவதால், ஆவணப் பணிக்கு அவற்றின் இயல்பு அமைப்பு உகந்ததன்று.

நிறத்தைப் பிரித்தல்: டி-ஸ்ட்ரெச்

டி-ஸ்ட்ரெச் என்பது ஜான் ஹார்மன் என்பவர் 2005-இல் உருவாக்கிய மென்பொருளாகும். இது இமேஜ்-ஜே எனும் இலவசப் படப்பகுப்பாய்வு மென்பொருளின் செருகுநிரலாக இயங்குகிறது. இதன் அடிப்படைக் கணிதம் தொலையுணர்வுப் படங்களுக்காக, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் உருவானது.

பாறைப் படம் ஒன்றில் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள் ஏறத்தாழச் சேர்ந்தே ஏறி இறங்கும். அவற்றை முப்பரிமாண வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்தால் மெல்லிய வெள்ளரிப்பிஞ்சு போன்ற வடிவம் கிடைக்கும். அதன் நீளம் வெளிச்ச வேறுபாட்டையும், மெலிந்த குறுக்களவு நிற வேறுபாட்டையும் குறிக்கும். மென்பொருள் அந்தக் குறுக்களவை இழுத்துப் பருமனாக்கிவிடுகிறது. (பொறியியல் முதலாண்டில் எதற்கென்று தெரியாமலே படிக்கும் ஐகன் மதிப்புகள் இங்கே உதவுகின்றன.) கண்ணுக்கு வெறும் கறையாகத் தெரிந்த இடத்தில் கோடுகள் துலங்குகின்றன. செங்காவிக்கு 'ஒய்.ஆர்.இ.' எனும் தெரிவு பொதுவாக நல்ல பலன் தரும்.

இவ்வாறு கிடைக்கும் நிறங்கள் உண்மையானவை அல்ல. பாசியும் இரும்புத் துருவும் கூட ஓவியம் போல் எழுந்து நிற்கக்கூடும். கீழ்வாலைக் குறியீடுகளைச் சிந்துவெளிக் குறியீடுகளுடன் ஒப்பிட்டோர் உண்டு. அதனை அறிஞர் அனைவரும் ஏற்கவில்லை. இத்தகைய விவாதத்தில் மாற்றப்பட்ட படத்தை மட்டும் சான்றாக வைப்பது நேர்மையாகாது. மூலப்படம், பயன்படுத்திய தெரிவு ஆகிய இரண்டையும் உடன் தர வேண்டும்.

கீறல்களுக்குப் பக்க ஒளி

பெருமுக்கல் போன்ற இடங்களில் நிறம் இல்லாததால் நிழலே துணை. ஒளியைப் பாறைப்பரப்பை ஒட்டிச் சாய்வாகச் செலுத்தினால் கீறல்கள் நிழலால் புலப்படும். மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டுக் குடைவரையின் கல்வெட்டு, சந்திரநந்தி 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்ததைக் கூறும் திருநாதர்குன்றுக் கல்வெட்டு போன்றவற்றுக்கும் இதுவே வழி. படக்கருவியை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, கைவிளக்கை மட்டும் பல திசைகளுக்கு நகர்த்திப் பல படங்கள் எடுத்தால், ரீலைட் எனும் கட்டற்ற மென்பொருள் அவற்றை ஒன்றிணைக்கும். அதன்பின் கணினித் திரையில் சுட்டியை நகர்த்தி ஒளியின் திசையை மாற்றிப் பார்க்கலாம். ஒளித்திசையைக் கணிக்க, படத்தின் ஓரத்தில் பளபளப்பான கரிய உருண்டை ஒன்றை வைப்பர்.

கீறலில் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் ஓவியத்தில் நீர் தெளிப்பதும் முன்னர் வழக்கத்தில் இருந்தன. இவை பாறையைக் கெடுப்பவை. மேற்கண்ட மென்பொருட்கள் இருக்கையில் இவற்றுக்குத் தேவையே இல்லை.

கோப்புகளைப் பேணல்

அளவுகோல் கைவசம் இல்லையெனில் 27 மி.மீ. விட்டமுள்ள பத்து ரூபாய் நாணயத்தை ஓவியத்தின் மேல் படாதவாறு அருகில் வைத்து எடுக்கலாம். எடுத்த நாள், நேரம், வில்லை விவரம் ஆகியவை எக்சிஃப் தரவாகக் கோப்பினுள்ளேயே பதிவாகும். மூலக்கோப்பில் எதையும் மாற்றாமல், படியெடுத்து அப்படியிலேயே வேலை செய்ய வேண்டும். ஒரே வன்தட்டை நம்பியிருத்தல் கூடாது.

எக்சிஃப் தரவில் புவியிட ஆள்கூறும் இருக்கலாம். காவலில்லாத ஓவியத்தின் துல்லியமான இடம் வெளியானால் கிறுக்குவோரும் அங்கே வந்து சேர்வர். ஆகவே, பிறருக்குத் தரும் படியிலிருந்து எக்சிஃப்டூல் எனும் கட்டற்ற மென்பொருளால் ஆள்கூறுகளை நீக்கிவிட்டு, மூலக்கோப்பில் மட்டும் அவற்றை வைத்துக்கொள்வது நல்லது.