மர்தபான்: சாடிக்குப் பெயர் தந்த பர்மிய நகரம்

அரபு அகராதியில் ஒரு சொல்லைத் தேடும் மாணவர் முதலில் அதன் வேரெழுத்துகளைக் கண்டறிய வேண்டும். ‘மர்தபான்’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டபோது, என் வகுப்பு மாணவர் ஒருவர் ரா, தோ, பா என்னும் மூன்றெழுத்துகளைப் பிரித்தெடுத்து, ஈரத்தைக் குறிக்கும் வேரின் கீழ் தேடினார். ஊறுகாய்ச் சாடிக்கும் ஈரத்துக்கும் தொடர்பு இருக்கத்தானே செய்யும் என்று வாதமும் செய்தார். வாதம் நயமானது, ஆனால் பிழையானது. அச்சொல்லுக்கு அரபியில் வேரில்லை. அதன் வேர் கீழ்ப் பர்மாவில், சல்வீன் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் இருக்கிறது.

மௌல்மீனுக்கு எதிர்க்கரையில் உள்ள அவ்வூரை இன்று மோத்தமா என்கிறார்கள். 1287இல் வரேரு என்ற மன்னர் மோன் அரசை நிறுவியபோது அதுவே தலைநகரம். 1369இல் தலைநகரம் பெகுவுக்குப் பெயர்ந்தது. துறைமுகத்தின் வளம் மட்டும் பெயரவில்லை. அந்தத் துறையிலிருந்து கப்பலேறிய பெரும் மெருகுச் சாடிகளுக்கு வாங்கியவர்கள் ஊரின் பெயரையே சூட்டிவிட்டார்கள். பாரசீகத்திலும் உருதுவிலும் மர்தபான் என்றால் சாடி. ஷாம் நாட்டு அரபுகள் இன்றும் அப்படியே சொல்கிறார்கள்; எகிப்தியர் நாவில் அது ‘பர்தமான்’ ஆகிவிட்டது.

இச்சொல்லை அரபு இலக்கியத்தில் நாம் சந்திக்கும் இடம் சுவையானது. கல்வியும் ஹஜ்ஜும் நாடி 1325இல், தம் 21ஆம் வயதில், தஞ்சா நகரைவிட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, பின்னர் மஅபரில், அதாவது நம் தமிழகக் கரையில் இறங்கி, மதுரை சுல்தானின் விருந்தினராகவும் இருந்தவர். கீழைக் கடலில் தவாலிசி என்ற நாட்டில் அரசகுமாரி ஒருத்தி தமக்கு அளித்த பரிசுகளை அவர் பட்டியலிடுகிறார். அவற்றில் நான்கு மர்தபான்கள் உண்டு. அவை பெரிய பாத்திரங்கள் என்று விளக்கம் சொல்லி, இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் கடற்பயணத்துக்காக உப்பிட்டு அவற்றில் நிரப்பப்பட்டிருந்தன என்கிறார். தவாலிசி எந்த நாடு என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போனதில்லை. அப்படி ஒரு நாடே இல்லை என்போரும் உண்டு. நாடு ஐயத்துக்குரியதாகலாம், சாடி ஐயத்துக்குரியதல்ல. 1355இல் மொரோக்கோவில் அவர் சொல்லி எழுதப்பட்ட நூலில் ஒரு பர்மியத் துறைமுகத்தின் பெயர் பாத்திரப் பெயராக இடம்பெற்றுவிட்டது.

ஏறத்தாழ 1516இல் எழுதிய துவார்த்தே பர்போசா என்ற போர்த்துகீசியரும் மர்தபான் நகரின் கருநிற மெருகுச் சாடிகளைக் குறிப்பிடுகிறார். முஸ்லிம் வணிகர்கள் அவற்றை மிக மதித்து வாங்கிச் செல்கிறார்கள் என்பது அவர் தரும் செய்தி. மதிப்புக்குக் காரணம் மெருகுதான். வெறும் மண்பானையில் நீர் கசியும், உப்பு பூக்கும், எண்ணெய் ஊறும். மெருகிட்டுச் சுட்ட சாடியில் இவை எதுவும் நேராது. மாதக்கணக்கில் கடலில் செல்வோருக்கு அது உயிர்காக்கும் பொருள்.

பெயரின் புகழ் பொருளையும் தாண்டிச் சென்றது. இஸ்தான்பூலின் தோப்காப்பி அரண்மனையில் உள்ள பச்சை மெருகுப் பீங்கான்களை உதுமானியர் ‘மெர்தெபானி’ என்றனர். நஞ்சிட்ட உணவு பட்டால் அவை காட்டிக்கொடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் இருந்தது. (அரசர்களின் அச்சத்துக்கு ஏற்ற நம்பிக்கை!) உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை சீனத்து லுங்சுவான் சூளைகளில் பிறந்தவை. பர்மாவிலும் பச்சை மெருகுக் கலங்கள் செய்யப்பட்டன என்பதை ரங்கூனுக்கு அருகிலுள்ள துவாந்தேயின் பழஞ்சூளைகள் அண்மைக் காலத்தில்தான் மெய்ப்பித்தன. அவ்வகை ஓடுகள் ராஸ் அல் கைமாவின் பழைய துறைமுகமான ஜுல்ஃபாரிலும் கிடைத்திருக்கின்றன. அகராதியில் எழுதியிருந்ததை மண் உறுதி செய்தது என்பேன்.

பர்மா என்றால் நமக்கு நினைவுக்கு வருபவை ரங்கூனில் துயிலும் பகதூர் ஷா, 1942இன் நெடும்பயணம், 1960களில் உடைமை இழந்து கப்பலில் திரும்பியோர். மறுக்கவில்லை; எங்கள் வீட்டிலும் அக்கதைகள் உண்டு. ஆயினும் நம் மக்களின் பர்மா கடையும் கணக்குப் புத்தகமும் அகதி முகாமும் மட்டுமாகச் சுருங்கிவிட்டது ஒரு குறையே. அந்நாட்டு மக்களின் கைத்தொழிலைப் பற்றி, அங்கே ஒரு தலைமுறை வாழ்ந்தவர்களிடம்கூட நான் அதிகம் கேட்டதில்லை. என் பாட்டியார் நாரத்தங்காய் ஊறப்போட்டிருந்த பழுப்புநிறச் சாடியை ‘ரங்கூன் சாடி’ என்றே அழைத்தார். அது யார் கையால் ஆனது என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

விருத்தாசலத்தில் குடியிருப்பவனுக்கு இக்கேள்வி எளிதில் விட்டுப்போவதில்லை. நெய்வேலிச் சுரங்கத்தின் வெண்களிமண் துணையோடு வளர்ந்த தொழில் இவ்வூருடையது. ஃபியூஸ் கட்டையும் அகல்விளக்கும் பொம்மையும் இங்கே சூளையேறுகின்றன. உப்புநீரைக் கசியவிடாத அதே மெருகு, ஈரத்தைத் தடுத்து மின்சாரத்தையும் தடுக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் பயிலும் இளைஞர் ஒருவர் என்னிடம் மர்தபான் கதையைக் கேட்டுவிட்டு, தம் கையிலிருந்த அகல்விளக்கைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்த்தார். அதில் ஊர்ப்பெயர் ஏதும் இல்லை.

மர்தபானை 1541இல் தபின்ஷ்வேதி மன்னரின் படை சூறையாடியது. 18ஆம் நூற்றாண்டில் அலௌங்பயா மன்னர் கீழ்ப் பர்மாவை வென்று, மோன் குயவர்களைச் சிறைப்படுத்தி வடக்கே கொண்டுசென்றார் என்பது வழிவழிச் செய்தி. ஷ்வேபோவுக்கு அருகே ஐராவதிக் கரையிலுள்ள சௌக்மியாங்கின் குயவர்கள் தம்மை அவர்களின் வழிவந்தோர் என்கிறார்கள். பெரும் மெருகுச் சாடிகளை அவர்கள் இன்றும் வனைகிறார்கள். வாயடைத்த சாடிகளை மூங்கிலோடு பிணைத்துத் தெப்பமாக்கி, ஆற்றின் போக்கிலேயே தெற்கே மிதக்கவிடும் வழக்கமும் அவர்களிடையே இருந்தது.